77 டன் சுமக்கும் விமானம் இருக்க 9 டன் விமானம் எதற்கு?

வதோதராவில் டாடா நிறுவனம் ஏர்பஸ்ஸுடன் சேர்ந்து சி-295 ராணுவச் சரக்கு விமானத்தைத் தயாரிப்பது பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இந்திய விமானப்படையிடம் ஏற்கெனவே 11 சி-17 விமானங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே தடவையில் 77 டன் வரை சுமக்கக்கூடியது. சி-295 சுமப்பதோ 9 டன்னுக்குச் சற்று மேல். அப்படிப்பட்ட 56 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில் 21,935 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது ஏன்? அந்தப் பணத்துக்குப் பெரிய விமானங்களையே இன்னும் சில வாங்கியிருக்கக் கூடாதா? இதன் தம்பி போல இன்னொரு கேள்வியும் உண்டு: நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பறக்கும் பயணிகள் விமானங்களில் சிலவற்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டால் ராணுவத்துக்குச் சரக்கு விமானம் கிடைத்துவிடாதா?

இரண்டுக்கும் விடை தரையிலிருந்து தொடங்குகிறது. விமானத்தின் சரக்கறை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இறங்கவேண்டிய ஓடுபாதை எவ்வளவு நீளம், அந்த ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் டன் கணக்குக்குப் பொருள் வருகிறது.

பயணிகள் விமானம் ஏன் லாரி ஆகாது

பெரிய பயணிகள் விமானத்தில் இறக்கை உடலின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின்கள் அந்த இறக்கைக்கும் கீழே தொங்கும். எஞ்சின் தரையில் உரசாமல் இருக்க உடல் உயரே தூக்கி நிற்கவேண்டும். ஏர்பஸ் ஏ320-இல் பயணிகள் நடக்கும் தரையே நிலத்திலிருந்து 3 மீட்டருக்கு மேல் இருக்கிறது. போயிங் 747-இன் பிரதான தளம் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தில் இது ஒரு பிரச்சினையே அல்ல, ஏனென்றால் அங்கே சரக்கைத் தூக்கிக் கொடுக்கும் இயந்திர மேடைகள் இருக்கின்றன. லடாக்கிலோ அருணாசலப் பிரதேசத்திலோ மலையிடுக்கில் உள்ள ஓர் ஓடுபாதையில் அப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது. சரக்கு விமானமாக மாற்றப்பட்ட பயணிகள் விமானங்களில் பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டியிருப்பார்கள் என்றாலும், ஒரு ராணுவ வண்டியை அந்தக் கதவுக்குள் ஓட்டிச்சென்று உள்ளே தொண்ணூறு டிகிரி திருப்ப இடமிருக்காது.

ஆகவே ராணுவச் சரக்கு விமானம் வேறு வடிவத்தில் பிறக்கிறது. எந்த நாட்டில் வடிவமைத்தாலும் ஏறத்தாழ ஒரே தோற்றத்துக்கு வந்து சேர்வதற்குக் காரணம், கீழ்க்காணும் முடிவுகள் ஒன்றையொன்று இழுத்துவருவதுதான்:

1. இறக்கை உடலின் உச்சியில் வைக்கப்படுகிறது. அதனால் எஞ்சின்களும் விசிறிகளும் மேலே போய்விட, உடல் தரையை ஒட்டித் தாழ்கிறது. ஓடுபாதைக் கற்கள் எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும் வாய்ப்பும் குறைகிறது.

2. இறக்கையில் மடங்கவேண்டிய சக்கரங்களுக்கு அங்கே இடமில்லை. ஆகவே உடலின் இரு பக்கங்களிலும் உள்ள புடைப்புகளுக்குள் அவை மடங்குகின்றன. சரக்கறையின் உட்புறம் தடங்கலில்லாத பெட்டியாகக் கிடைக்கிறது.

3. வால்பகுதி கீழிருந்து மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவில் ராம்ப் எனப்படும் சாய்தளக் கதவு அமைகிறது. அது தரையில் சாயும்போது வண்டி நேராக உள்ளே ஏறும். வானில் பாதி திறந்தால் பாரசூட் வீரர்களும் பொதிகளும் அதன் வழியே வெளியேறலாம்.

4. சக்கரங்களின் எண்ணிக்கை கூட்டப்படுகிறது, அவற்றின் காற்றழுத்தம் குறைக்கப்படுகிறது. எடை பரவுவதால் தார் போடாத மண் ஓடுபாதையும் தாங்கும்.

சி-130 ஹெர்குலிஸின் சரக்கறைத் தரை நிலத்திலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர்தான். அது லாரியின் பின்தட்டு உயரம். லாரியைப் பின்னோக்கி எடுத்து ராம்ப்பை ஒட்டி நிறுத்தினால், கிரேன் இல்லாமல், ஆட்களே பொதியை உள்ளே தள்ளிவிடலாம். எளிமையாகத் தெரியும் இந்த ஒற்றை அளவுதான் மேலே சொன்ன நான்கு முடிவுகளுக்கும் மூலம். இதற்கு விலையும் உண்டு. தடித்த உடலும் மேல்நோக்கி வளைந்த வாலும் காற்றைக் கலக்கி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். விமானக் கம்பெனிகள் இந்த வடிவத்தைத் தொடாததற்கும் ராணுவங்கள் அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

சரக்கறைக்குள்

உள்ளே எட்டிப்பார்த்தால் இருக்கை இருக்காது. உருளைகள் பதித்த தண்டவாளம் போன்ற வரிசைகளும், குறிப்பிட்ட இடைவெளிகளில் தரையில் பதிந்த இரும்பு வளையங்களும் தெரியும். அமெரிக்க விமானங்களில் பயன்படும் பேலட் என்னும் சரக்குத் தட்டின் அளவு 88 அங்குலத்துக்கு 108 அங்குலம். பால்சா எனப்படும் இலேசான மரப்பலகையின் இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய தட்டு அது. 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் வரை அதன்மேல் அடுக்கி வலை போட்டு இறுக்கலாம். வண்டிகள் என்றால் சங்கிலி போட்டு வளையங்களில் கட்டவேண்டும். எந்தப் பொதி எந்த இடத்தில் நிற்கவேண்டும், எத்தனை சங்கிலி எந்தக் கோணத்தில் என்று கணக்கிடுபவருக்கு லோட்மாஸ்டர் என்று பெயர். தராசின் முள்ளைப் போல விமானத்துக்கும் ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. மொத்தச் சுமையின் மையம் அந்தப் புள்ளிக்கு அருகே குறுகிய எல்லைக்குள் விழவேண்டும். பறந்துகொண்டே பொதியைப் பின்வழியாகத் தள்ளும்போது, பல டன் எடை சில நொடிகளில் வாலை நோக்கி ஓடும். விமானி அந்தச் சில நொடிகளுக்குள் மூக்கைச் சமாளிக்கவேண்டும்.

இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் நடந்த விபத்து சான்று. அங்கிருந்து எழும்பிய போயிங் 747 சரக்கு விமானத்தில் கண்ணிவெடி தாங்கும் கவச வண்டிகள் ஐந்து ஏற்றப்பட்டிருந்தன. எழும்பிய சில நொடிகளில் மூக்கு செங்குத்தாக நிமிர்ந்து, விமானம் நிலைகுலைந்து விழுந்தது. ஊழியர்கள் 7 பேரும் இறந்தனர். வண்டிகள் சரியாகக் கட்டப்படவில்லை என்றும், குறைந்தது ஒரு வண்டி அவிழ்ந்து பின்னால் உருண்டு, பின்சுவரை உடைத்து, வாலிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவிகளை நொறுக்கியது என்றும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. அந்த 747-ஆல் தூக்க முடியாத எடை அல்ல அது. வளையங்களும் சங்கிலிக் கணக்கும் அந்த வகைச் சுமைக்குப் போதவில்லை.

77 டன் எப்போது 77 டன்?

விளம்பரத் தாள்களில் அச்சிடப்படும் சுமை எண், பெரும்பாலும் பறக்கும் தொலைவை மறைத்த எண். சி-17-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் வெற்று எடை சுமார் 128 டன். தரையிலிருந்து எழும்பக்கூடிய உச்ச எடை சுமார் 265 டன். எரிபொருளுக்கும் சரக்குக்கும் சேர்த்து மிஞ்சுவது 137 டன். 77 டன் சரக்கை ஏற்றினால் எரிபொருளுக்கு 60 டன்தான் மிச்சம். டாங்கை முழுவதும் நிரப்பினால் எரிபொருளே 107 டன்னைத் தாண்டிவிடும். சரக்குக்கு 30 டன் அளவே கிடைக்கும். ஒரே விமானம், தொலைவைப் பொறுத்து 77 டன் விமானமாகவும் இருக்கலாம், 30 டன் விமானமாகவும் இருக்கலாம்.

அடுத்து உயரம். லடாக்கின் வடகோடியில், காரகோரம் கணவாய்க்கு அருகே உள்ள தௌலத் பெக் ஓல்டி ஓடுபாதை 16,614 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். அதன் விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன:

1. இறக்கைக்குத் தாங்குவிசை தருவது காற்று. அடர்த்தி 60 விழுக்காடாகக் குறைந்தால் அதே எடையைத் தாங்க ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும்.

2. வேகம் 30 விழுக்காடு கூடினால், நிறுத்தவேண்டிய இயக்க ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கை நெருங்குகிறது. ஓடுபாதை நீளவேண்டும், பிரேக்கும் சூடாகும்.

3. எஞ்சினும் அதே மெல்லிய காற்றைத்தான் உறிஞ்சுகிறது. வேகம் அதிகம் தேவைப்படும் இடத்தில் அதன் வலு குறைந்துபோகிறது.

4. வெயில் ஏற ஏறக் காற்று மேலும் மெலிகிறது. 10,682 அடியில் உள்ள லே விமான நிலையத்தில் போக்குவரத்து பெரும்பாலும் முற்பகலுக்குள் முடிந்துவிடுவதற்கு, பிற்பகலில் எழும் காற்றோடு இந்தச் சூடும் ஒரு காரணம்.

இவை அனைத்துக்கும் விமானியிடம் உள்ள மருந்து ஒன்றே: சுமையைக் குறைப்பது. ஆகவே சமவெளியில் 19 டன் சுமக்கும் விமானம் மலையுச்சியில் அதில் ஒரு பகுதியை மட்டுமே கொண்டுபோய் இறக்கும். 2013 ஆகஸ்ட் 20 அன்று சி-130ஜே விமானம் தௌலத் பெக் ஓல்டியில் இறங்கியது பெரிய செய்தியானதற்குக் காரணம் அது கொண்டுசென்ற சரக்கு அல்ல, அந்த உயரத்தில் இறங்கித் திரும்ப எழும்பியதுதான்.

டகோட்டாவிலிருந்து ஹெர்குலிஸ் வரை

1947 அக்டோபர் 27 காலை டில்லியிலிருந்து சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியவை டகோட்டா விமானங்கள். பயணிகள் விமானமாகப் பிறந்த டிசி-3-இன் ராணுவ வடிவம் அது. வாலில் சிறு சக்கரம் வைத்து நிற்பதால், தரையில் நிற்கும்போது அதன் உட்தரை சாய்வாக இருக்கும். பக்கக் கதவு வழியாக ஏற்றிய மூட்டையை மேட்டில் தள்ளுவதுபோல் முன்னே தள்ளவேண்டும். அடுத்த ஆண்டு சோவியத் யூனியன் பெர்லின் நகரின் சாலைகளை அடைத்தபோது, 1948 ஜூன் முதல் 1949 செப்டம்பர் வரை 23 லட்சம் டன் உணவும் நிலக்கரியும் வான்வழியே போயின. பெரும்பகுதியும் பக்கக் கதவு வழியே, மூட்டை மூட்டையாக, மனிதத் தோள்களில். விமானம் பறக்கும் நேரத்தைவிடச் சரக்கு இறக்கும் நேரம்தான் திறனைத் தீர்மானிக்கிறது என்ற பாடம் அங்கே ஆழப் பதிந்தது.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951-இல் அமெரிக்க விமானப்படை புதிய விமானத்துக்கான தேவைப் பட்டியலை வெளியிட்டது. லாக்ஹீட் நிறுவனத்தின் விடையான சி-130, 1954 ஆகஸ்ட் 23 அன்று முதலில் பறந்தது. உயர்ந்த இறக்கை, பின்பக்க ராம்ப், பக்கப் புடைப்புகளில் சக்கரம், நான்கு டர்போப்ராப் எஞ்சின்கள் ஆகிய எல்லாம் ஒரே உடலில் அமைந்தன. டர்போப்ராப் என்பது ஜெட் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு பெரிய விசிறியைச் சுற்றுவது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதால் குறைந்த வேகத்தில் சிக்கனமானது. இறங்கியதும் விசிறி இதழ்களின் கோணத்தைத் திருப்பிவிட்டால் அதுவே பிரேக்காகவும் வேலை செய்யும். எழுபது ஆண்டுகள் கடந்தும் இந்த விமானத்தின் தயாரிப்பு நிற்கவில்லை. 2,500-க்கு மேல் வெளிவந்திருக்கின்றன. வேறு எந்த ராணுவ விமானத்தின் வடிவமும் முதல் தடவையிலேயே இவ்வளவு சரியாக அமைந்ததாகச் சொல்வது கடினம்.

இந்திய விமானப்படை அந்தக் காலத்தில் ஹெர்குலிஸை வாங்கவில்லை. அமெரிக்காவின் பழைய சி-119 பாக்கெட் விமானங்களின் முதுகில் ஒரு ஜெட் எஞ்சினைக் கூடுதலாகப் பொருத்தி மலைப்பகுதிக்கு அனுப்பியது. தௌலத் பெக் ஓல்டியில் 1962 ஜூலையில் முதலில் இறங்கியது அப்படிப்பட்ட பாக்கெட்தான். அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் ஏஎன்-12 விமானங்கள் ஏஎம்எக்ஸ்-13 இலகு டாங்கிகளை லடாக்கின் சூசுலில் கொண்டுபோய் இறக்கின. 1971 போரில் இதே ஏஎன்-12-இன் சரக்கறையில் குண்டுகளை அடுக்கிப் பின்கதவு வழியே உருட்டிவிட்டார்கள் என்பது, ராம்ப்பின் பயன்களில் அதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்திராத ஒன்றாக இருக்கவேண்டும்.

இந்தியாவின் படிக்கட்டு

இன்றைய நிலையைப் படிக்கட்டாக நினைத்தால் கேள்விக்கான விடை தெளிவாகும். கீழ்ப்படியில் ஏஎன்-32, சுமார் 6.7 டன். அதற்குப் பக்கத்தில் புதிய சி-295. அடுத்து சி-130ஜே, ஏறத்தாழ 19 டன். மொத்தம் 12 மட்டுமே. பிறகு 40 டன்னைத் தாண்டும் ஐஎல்-76. விமானப்படை அதற்கு வைத்த பெயர் கஜராஜ். உச்சியில் சி-17.

ஏஎன்-32 இந்தியாவின் தேவைக்கென்றே கீவ் நகரின் அன்டோனோவ் நிறுவனம் வடித்த விமானம். ஏஎன்-26-இன் உடலில் மிக வலுவான எஞ்சின்களைப் பொருத்தினார்கள்; பெரிய விசிறி தரையில் இடிக்காமல் இருக்க அந்த எஞ்சின்களை இறக்கைக்கு மேலே தூக்கிவைத்தார்கள். வெப்பமும் உயரமும் சேர்ந்த இடங்களுக்கான விடை அது. 1984 முதல் இந்தியாவுக்கு வந்துசேர்ந்தது. எல்லைச் சாவடிகளுக்கு மண்ணெண்ணெய், அரிசி, காய்கறி, விடுப்பில் போகும் சிப்பாய் என்று அன்றாடம் சுமப்பது பெரும்பாலும் இதுவே. ஒரு சாவடிக்கு 4 டன் அரிசிதான் தேவை என்றால் 77 டன் விமானத்தை அனுப்புவது கையேந்திபவனுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோக சரக்கு ரயிலைப் பிடிப்பது போல. சி-17 சிறிய ஓடுபாதையில் இறங்காது என்பதும் சரியல்ல. 2016 நவம்பரில் அருணாசலத்தின் மெச்சுகாவில் 4,200 அடி ஓடுபாதையில் அது இறங்கிக் காட்டியது. ஆனால் 11 விமானங்களை நூறு சாவடிகளுக்கு நாள்தோறும் பங்கிட முடியாது.

சுமை சிறிதாக இருந்தும் விளைவு பெரிதாகிவிடும் என்பதற்குத் தமிழர்கள் மறக்க முடியாத எடுத்துக்காட்டு ‘பூமாலை’ நடவடிக்கை. யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள்களுடன் ராமேசுவரத்திலிருந்து சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை 1987 ஜூன் 3 அன்று திருப்பி அனுப்பியது. மறுநாள், மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையோடு, ஐந்து ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருள்களைப் பாரசூட்டில் போட்டன. விமானத்துக்கு 5 டன். ஒரு பட்டினமே முற்றுகையில் இருக்கும்போது 25 டன் எத்தனை வீட்டு அடுப்புக்குப் போதும்? ஆனால் எட்டே வாரங்களில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு நவம்பர் 3 அன்று, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றின் துணையோடு மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, ஆக்ராவிலிருந்து பாரசூட் படையினரை ஏற்றிக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து விமான நிலையத் தீவான ஹுலுலேயில் இறங்கியது ஐஎல்-76. அந்தத் தொலைவு ஏஎன்-32-இன் வேலை அல்ல. படிக்கட்டில் ஒவ்வொரு படியும் வேண்டியிருப்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் அருகருகே போதும்.

2020-இல் கிழக்கு லடாக்கில் சீனாவுடன் மோதல் முற்றியபோது எல்லாப் படிகளும் ஒன்றாக உழைத்தன. 68,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், சுமார் 90 டாங்கிகள், 330 காலாட்படைக் கவச வண்டிகள் வான்வழியே கொண்டுசேர்க்கப்பட்டதாகப் பின்னர் செய்தி வெளியானது. டி-90 டாங்கியின் எடை 46 டன் அளவு. சி-17 ஒரு தடவையில் ஒன்றைத்தான் கொண்டுபோகும்.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஏஎன்-32 உக்ரைனில் பிறந்தது. ஐஎல்-76-இன் எஞ்சின் ரஷ்யாவுடையது. அந்த விமானத்தின் உடல் சோவியத் காலத்தில் தயாரானதோ இன்றைய உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெண்டில். ஒரே நாடாக இருந்தபோது வாங்கியவை, இன்று ஒன்றோடொன்று போரிடும் நாடுகளின் உதிரிபாகங்களை நம்பி நிற்கின்றன. 2009-இல் உக்ரைனுடன் போட்ட ஒப்பந்தப்படி ஏஎன்-32-இல் 40 விமானங்கள் அங்கேயே புதுப்பிக்கப்பட்டன. மீதியைக் கான்பூரில் முடிக்கவேண்டிய நேரத்தில் 2014 கிரிமியா நெருக்கடி குறுக்கிட்டது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட ஏஎன்-32 வங்கக் கடலின் மேல் காணாமல் போனது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களைக் கொண்டு அதன் சிதைவுகளை அடையாளம் காண 2024 ஜனவரி ஆகிவிட்டது.

சி-295 நேரடியாக மாற்றப்போவது ஏஎன்-32-ஐ அல்ல, அதைவிடப் பழைய ஆவ்ரோவை. கான்பூரில் பாகங்களைப் பூட்டி உருவாக்கப்பட்டு 1961 நவம்பர் 1 அன்று முதலில் பறந்த ஆவ்ரோவில் பின்பக்க ராம்ப் கிடையாது. அதனால் அது பெரும்பாலும் ஆள் ஏற்றவும் பயிற்சிக்கும்தான் பயன்பட்டது. சி-295-க்கு ராம்ப் உண்டு, 71 வீரர்களை ஏற்றலாம். ஆனால் சரக்கறையின் உயரம் 1.9 மீட்டர். உயரமான ஆள் நிமிர்ந்து நின்றால் தலை தட்டும். சாதாரண ஜீப் நுழையும், கவச வண்டி நுழையாது. 16 விமானங்கள் ஸ்பெயினின் செவில்லிலிருந்து பறந்தே வந்துவிட்டன. 40 வதோதராவில் தயாராகவேண்டும்; முதலாவது 2026 செப்டம்பருக்குள் என்பது கால அட்டவணை. ஒரு விமானத்தின் 14,000 உதிரிபாகங்களில் 13,000 இந்தியாவில் செய்யப்படும் என்று பாதுகாப்பு அமைச்சகம் சொல்கிறது. எண்ணிக்கைக் கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் கனடாவின் பிராட் அண்ட் விட்னியுடையது. விமானத்தில் விலைமிக்க, கற்றுக்கொள்ளக் கடினமான பொருள் அந்த ஆயிரத்துக்குள் இருக்கிறது.

புதியதாக ஒன்று செய்வது ஏன் இவ்வளவு இழுக்கிறது

போர் விமானத்தோடு ஒப்பிட்டால் சரக்கு விமானம் எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஐரோப்பாவின் ஏ400எம் அந்த எண்ணத்தைக் கலைக்கும். 2003 மே மாதம் ஏழு நாடுகள் சேர்ந்து 180 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டன. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எஞ்சினைத் தேர்ந்தெடுக்காமல், 11,000 குதிரைத்திறன் கொண்ட புத்தம்புதிய டர்போப்ராப்பை ஐரோப்பிய நிறுவனங்களே கூட்டாகச் செய்யவேண்டும் என்று அரசுகள் விரும்பின. முதல் பறப்பு 2009 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. முதல் விமானம் பிரான்சின் கைக்கு வந்தது 2013-இல். 2015 மே 9 அன்று செவில்லில் சோதனைப் பறப்பின்போது ஒரு விமானம் விழுந்து 4 பேர் இறந்தனர். மூன்று எஞ்சின்களின் முறுக்குவிசையை அளப்பதற்கான அளவுத்திருத்தத் தரவுகள் மென்பொருள் நிறுவலின்போது அழிந்துபோயிருந்தன. தரவு இல்லாததால் எஞ்சின்களின் கணினிகள் விமானியின் கட்டளையை ஏற்கவில்லை. இறக்கையும் உடலும் நன்றாக இருந்தும், எஞ்சின் கணினியில் காணாமல் போன சில எண்கள் விமானத்தை வீழ்த்தின.

இந்தியாவும் ஒருமுறை முயன்றது. 2010-இல் ரஷ்யாவும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் சேர்ந்து நடுத்தரச் சரக்கு விமானம் ஒன்றை வடிக்கக் கூட்டு நிறுவனம் தொடங்கின. எஞ்சினின் கணினிக் கட்டுப்பாடு முழுமையாக இருக்கவேண்டும் என்று இந்தியா கேட்டது; ரஷ்யா தன்னிடம் இருந்த பழைய வகை எஞ்சினையே முன்வைத்தது. ஆறு ஆண்டுகளில் திட்டம் ஓய்ந்தது. எஞ்சின் இல்லாத நாடு விமான உடலை மட்டும் வடிவமைத்தால், பேரம் பேசும் மேசையில் எதிரே இருப்பவர் விரும்பிய எஞ்சினோடுதான் எழுந்திருக்கவேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் தாமதங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

துணை விமானங்கள்: ஒரே உடல், வேறு வயிறு

வானில் எரிபொருள் நிரப்புபவை, வானில் பறந்தபடியே ராடார் கண்காணிப்பு செய்பவை, கடலோரக் கண்காணிப்பு செய்பவை ஆகியவற்றைத் துணை விமானங்கள் என்கிறோம். இவற்றுக்கென்று தனி உடல் பெரும்பாலும் வடிக்கப்படுவதில்லை. ஐஎல்-76-இன் சரக்கறையில் எரிபொருள் டாங்குகளை வைத்தால் ஐஎல்-78. அதன் முதுகில் இஸ்ரேலியப் பால்கன் ராடாரைச் சுமத்தினால் ஏ-50. ராம்ப் தேவையில்லாத வேலைகளுக்குப் பயணிகள் விமானமே போதும் என்பதால், அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து பறக்கும் கடற்படையின் பி-8ஐ உண்மையில் போயிங் 737-தான். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய நேத்ரா ராடார் பிரேசிலின் எம்பிரேயர் பயணிகள் ஜெட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது.

எரிபொருள் நிரப்பும் முறையில் ஒரு விவரம் அதிகம் பேசப்படுவதில்லை. நிரப்புவதில் இரண்டு வழிகள் உண்டு:

1. கூடை முறை: தாய் விமானம் நீண்ட குழாயின் நுனியில் கூடை போன்ற ஒன்றைப் பின்னால் மிதக்கவிடும், எரிபொருள் வாங்கும் விமானம் தன் மூக்கருகே உள்ள குழலை அதற்குள் சொருகும். சுகோய், ரஃபேல், தேஜஸ் எல்லாம் இந்த வகை.

2. தண்டு முறை: தாய் விமானத்திலிருந்து நீளும் விறைப்பான குழாயை அதிலுள்ள ஊழியரே இயக்கி, வாங்கும் விமானத்தின் முதுகிலுள்ள துளையில் பொருத்துவார். அமெரிக்க விமானப்படைக்கு வடித்த பெரிய விமானங்கள் இந்த வகை.

இந்தியாவிடம் உள்ள 6 ஐஎல்-78 விமானங்களும் கூடை முறை; சி-17-உம் பி-8ஐ-யும் தண்டு முறை. ஆகவே இந்தியாவின் மிகப் பெரிய சரக்கு விமானத்துக்கு இந்தியாவின் எரிபொருள் விமானம் வானில் ஒரு லிட்டர்கூடக் கொடுக்க முடியாது. ‘எரிபொருளா, சரக்கா’ என்று மேலே போட்ட கணக்கை இது நேரடியாக இறுக்குகிறது. இரண்டு முறைக்கும் பொருந்தும் ஏர்பஸ் ஏ330 எம்ஆர்டிடி எரிபொருள் விமானம் இரண்டு தடவை தேர்வின் முன்வரிசைக்கு வந்தது. 2010-இலும் 2016-இலும் அது கைவிடப்பட்டது. 2025 மார்ச்சில் பயிற்சிக்காக அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றிடமிருந்து கேசி-135 எரிபொருள் விமானம் ஒன்றை ஊழியர்களோடு வாடகைக்கு எடுக்கப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. அந்த விமான வகை 1950-களில் பிறந்தது.

நடுப்படிக்கான போட்டி

ஏஎன்-32 ஓய்வுபெறும்போது அந்த இடத்தில் வரவேண்டிய விமானத்துக்கு விமானப்படை கேட்ட சுமை 18 முதல் 30 டன். 7 டன் விமானத்தின் இடத்தில் ஏன் மூன்று நான்கு மடங்கு? கொண்டுபோகவேண்டிய பொருள் மாறிவிட்டது என்பதே விடை. ஆவடியில் உள்ள டிஆர்டிஓவின் போர் வாகன ஆய்வகம் லார்சன் அண்ட் டூப்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஜொராவர் இலகு டாங்கி, மலைப்போருக்கென்றே பிறந்தது. அதன் எடை 25 டன். அந்த ஒரு எண்ணை வைத்துப் போட்டியாளர்களைப் பார்த்தால் பேச்சு சுருங்கிவிடும்.

1. சி-130ஜே: விமானப்படைக்கு நன்கு பழக்கமானது, உதிரிபாகமும் பயிற்சியும் தயார், வால் பகுதிகள் ஹைதராபாத்தில் செய்யப்படுகின்றன. ஆனால் 25 டன் அதன் எல்லைக்கு வெளியே. ஜொராவர் தரைவழியாகவோ சி-17-இலோதான் போகவேண்டும்.

2. எம்பிரேயர் சி-390: உச்சச் சுமை 26 டன். ஏ320-இல் உள்ள அதே குடும்பத்து வி2500 ஜெட் எஞ்சின் என்பதால் இந்தியாவில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜொராவர் ஏறும் என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 1 டன். லே போன்ற உயரத்தில் அந்த 26 டன் என்னவாகும் என்று முன்பே பார்த்தோம்.

3. ஏ400எம்: 37 டன், சரக்கறை 4 மீட்டர் அகலம். தாராளமாக ஏறும், எரிபொருளுக்கும் இடமிருக்கும். விலையும் அந்த எஞ்சினின் கடந்தகாலமும் கூடவே வரும். 7 டன் அரிசிக்கு அனுப்பும்போது ஏஎன்-32-ஐவிடப் பல மடங்கு எரிபொருள் குடிக்கும்.

டாங்கிக்காக வாங்கினால் அரிசிக்குப் பெரிது, அரிசிக்காக வாங்கினால் டாங்கிக்குச் சிறிது. இந்த முடிச்சில் சி-295-இன் பங்கு இப்போது புலப்படும்: 9 டன்னுக்குள் அடங்கும் அன்றாட வேலையை அது எடுத்துக்கொண்டால், நடுப்படி விமானத்தைப் பெரிய பொருள்களுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க விமானப்படைக்குக் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். ஆனால் 56 என்ற எண்ணிக்கை ஆவ்ரோக்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் போடப்பட்டது. நூறை நெருங்கும் ஏஎன்-32-களின் வேலைக்கு அது போதுமா என்பது அந்த ஒப்பந்தத்தில் கேட்கப்படாத கேள்வி.